வேலையை விடலாமா... வீடியோ எடுக்கலாமா?

உங்க கிளாஸ்ல கண்டிப்பா ஒருத்தன் இருப்பான். கடைசி பெஞ்சுல உட்கார்ந்து, செல்போனை டெஸ்க்குக்கு அடியில வச்சுக்கிட்டு, "மச்சி, நாலு வருஷம் முட்டி மோதி ஒரு கம்பெனியில போய் மாட்டிக்கறதுக்கு, பேசாம ஒரு சேனல் ஆரம்பிச்சா லைஃப்ல செட்டில் ஆகிடலாம்டா"ன்னு சொல்றவன். நாமளும் சிரிச்சுட்டு கேன்டீனுக்குக் கிளம்பிடுவோம்.

எங்க வீட்டுல அதைச் சொன்னது எங்க அண்ணன். அதுவும் நாலு வருஷமா மாசம் பிறந்தா டாண்ணு சம்பளம் வாங்கிட்டு இருக்கிற அண்ணன். அந்தச் சம்பளத்துலதான் என்னோட செமஸ்டர் ஃபீஸ் போகுது!

ஸோ, இந்தக் கட்டுரையை எழுதற எனக்கு இதுல ஒரு சுயநலம் இருக்கு. அதை முதல்லயே சொல்லிடறேன். மனசுல வச்சுக்கிட்டே படிங்க.

கூகுள்ல இருந்து ஒரு கடுதாசி!

எங்க ஊர் அபிராமம். ராமநாதபுரம் மாவட்டத்துல கமுதிக்குப் பக்கம். மதுரையில இருந்து வர்றவங்க பார்த்திபனூர்ல பஸ் மாறி வரணும். மழையை நம்பின மானாவாரி பூமி. குண்டு மிளகாய் வத்தல், கண்ணுக்கு எட்டின வரைக்கும் சீமைக்கருவேல மரம், அதை வெட்டிப் போடற கரிமூட்டம்... இதுதான் எங்க பக்கத்து அடையாளம். ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைச்சப்ப, எங்க அப்பா காலரைத் தூக்கி விட்டுக்கிட்டார். அவர் வத்தல் கமிஷன் கடையில எடை போடறவர். தராசைப் பிடிச்சவருக்கும் அந்தப் பெருமையில பங்கு உண்டாம்!

அண்ணன் டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சுட்டு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் பாகங்கள் செய்யற ஒரு கம்பெனியில குவாலிட்டி பிரிவுல இருக்கான். மாசம் ஒரு தடவை ஊருக்கு வருவான். வர்றப்ப எல்லாம் கையில செல்போனும் ஒரு குட்டி ஸ்டாண்டும் இருக்கும். கரிமூட்டம் எப்படிப் போடறாங்க, வத்தலை எப்படிக் காயப் போடறாங்க, கண்மாய் வத்தினதும் ஊரே இறங்கி எப்படி மீன் பிடிக்குதுன்னு எடுத்து எடுத்து யூடியூப்ல போடுவான். 11 மாசத்துல 31 வீடியோ. முக்கால்வாசி வீடியோவை சொந்தக்காரங்க மட்டும்தான் பார்த்தாங்க. அதுலயும் பாதிப் பேர் "நான் எங்கடா வர்றேன்?"னு தேடறதுக்காகப் பார்த்தவங்க.

அப்புறம் ஒருநாள் கரிமூட்ட வீடியோ 1,40,000 வியூஸ் போயிடுச்சு! ஏன் போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் அண்ணனுக்கே தெரியாது.

அதுக்கப்புறம் எங்க வீட்டுக்கு ஒரு தபால் வந்துச்சு. அனுப்பினது கூகுள்! கணக்குல 10 டாலர் சேர்ந்ததும், 'நீ சொன்ன அட்ரஸ்ல நிஜமாவே இருக்கியா?'ன்னு சரிபார்க்க ஒரு ரகசிய எண்ணைத் தபால்ல அனுப்புவாங்க. அந்த எண்ணை டைப் பண்ணினாத்தான் மேற்கொண்டு பணம் அனுப்புவாங்க. அம்மா அந்தக் காகிதத்தை பீரோவுல ரேஷன் கார்டு பக்கத்துல பத்திரமா வச்சுட்டாங்க.

தீபாவளி லீவுக்கு வந்த அண்ணன், இட்லி சாப்பிட்டுக்கிட்டே மேட்டரை அவுத்து விட்டான். "பொங்கலோட வேலைய விட்டுட்டு ஊருக்கே வந்துரலாம்னு இருக்கேன்."

அம்மா கரண்டியைக் கீழ வச்சுட்டாங்க. அப்பா எதுவும் பேசலை. நான் வாயைத் திறந்தேன், மூடிட்டேன். 'அப்ப என் ஃபீஸ்?'ங்கற கேள்விதான் வாய்ல இருந்துச்சு. ஆனா, அண்ணன் டிப்ளமோவோட நிறுத்திட்டு வேலைக்குப் போனதாலதான் நான் பி.இ. படிச்சுட்டு இருக்கேன். அவனைப் பார்த்து 'வேலையை விடாதே'ன்னு சொல்ல வேற யாருக்கு வேணாலும் உரிமை இருக்கலாம், எனக்கு இருக்கா?

அதனால வாயை மூடிக்கிட்டு விஷயத்தைத் தோண்ட ஆரம்பிச்சேன். கிடைச்சதை உங்களுக்கும் சொல்றேன்.

முதல்ல ரூல்ஸ் தெரிஞ்சுக்குங்க பாஸ்!

'வீடியோ போட்டா காசு' அப்படிங்கறது பாதி உண்மை. விளம்பரக் காசுல பங்கு வேணும்னா உங்க சேனலுக்கு 1,000 சப்ஸ்கிரைபர்கள் இருக்கணும். அதோட 12 மாசத்துக்குள்ள மக்கள் உங்க வீடியோக்களை 4,000 மணி நேரம் பார்த்திருக்கணும். இல்லேன்னா, ஷார்ட்ஸ்னு சொல்ற குட்டி வீடியோக்கள் 90 நாள்ல 1 கோடி தடவை ஓடியிருக்கணும்.

இந்த 1,000-4,000 கணக்கு 2018-ல் வந்துச்சு. அதுக்கு முன்னால சேனலுக்கு மொத்தம் 10,000 வியூஸ் இருந்தாலே போதும். ஒரே அறிவிப்புல ரூல் மாறினதும், சம்பாதிச்சுக்கிட்டு இருந்த நிறைய சின்ன சேனல்கள் வெளியே நின்னுச்சு. 2023-ல் 500 சப்ஸ்கிரைபர்கள்னு ஒரு சின்ன வாசலைத் திறந்தாங்க. ஆனா, அது ரசிகர்கள் நேரடியா கொடுக்கற காசுக்குத்தான். விளம்பரப் பங்குக்குப் பழைய ரூல்தான்.

சரி, உள்ளே போயாச்சு. சாதாரண வீடியோவுல வர்ற விளம்பர வருமானத்துல 55 சதவீதம் உங்களுக்கு. ஷார்ட்ஸ்ல உங்க பங்கா ஒதுக்கறதுல 45 சதவீதம். எந்த ஊர்க்காரங்க பார்க்கறாங்க, என்ன சப்ஜெக்ட்டுங்கறதைப் பொறுத்து விளம்பர ரேட் மாறும். அமெரிக்காவுல ஒருத்தர் பார்க்கறதுக்கும் ஆண்டிபட்டியில ஒருத்தர் பார்க்கறதுக்கும் ஒரே ரேட் கிடையாது!

இன்னொண்ணு. கணக்குல 100 டாலர் சேர்ந்தாத்தான் பணம் பேங்க்குக்கு வரும். எங்க அண்ணன் கணக்குல அப்ப இருந்தது 61 டாலர். நம்ம காசுக்கு ஐயாயிரம் ரூபாய்ச் சொச்சம். 11 மாசத்துக்குப் பிரிச்சா மாசம் 500 ரூபாய்கூட இல்லை. அதையும் கண்ணால பார்க்கலாமே தவிர கையால தொட முடியாது!

10 கோடியில் 15 ஆயிரம்

2025 மே மாசம் மும்பையில 'வேவ்ஸ்' மாநாடு நடந்துச்சு. அங்கே யூடியூப் தலைமை அதிகாரி நீல் மோகன் சில கணக்குகளைச் சொன்னார். முந்தின மூணு வருஷத்துல இந்தியாவுல வீடியோ போடறவங்க, கலைஞர்கள், மீடியா கம்பெனிகள் எல்லாருக்குமா சேர்த்து 21,000 கோடி ரூபாய்க்கு மேல கொடுத்திருக்காங்களாம். கேட்கவே ஜிவ்வுன்னு இருக்குல்ல?

அதே மேடையில சொன்ன இன்னொரு கணக்கையும் கேளுங்க. ஒரு வருஷத்துல வீடியோ போட்ட இந்திய சேனல்கள் 10 கோடிக்கு மேல. அதுல 10 லட்சம் சப்ஸ்கிரைபர்களைத் தாண்டினது 15,000-க்கு மேல. கால்குலேட்டரை எடுங்க. சுமாரா 6,600 சேனலுக்கு ஒண்ணு!

அந்த 10 கோடியில பிறந்தநாள் கேக் வெட்டறதை ஒரு தடவை போட்டுட்டு மறந்து போனவங்களும் இருப்பாங்க. அதனால இதை அப்படியே பயந்து போறதுக்கான நம்பரா எடுத்துக்காதீங்க. ஆனா, நாம தினம் பார்க்கறது அந்த 15,000 பேரைத்தான். மிச்சம் இருக்கறவங்க நம்ம கண்ணுக்கே வர மாட்டாங்க. யுனிவர்சிட்டி ரேங்க் ஹோல்டரை மட்டும் பார்த்துட்டு, 'இந்த டிபார்ட்மென்ட்ல அரியரே கிடையாது போல'ன்னு முடிவு பண்ற மாதிரி ஆகிடும்!

விட்டவங்க... எப்ப விட்டாங்க?

'அவர் வேலையைத் தூக்கிப் போட்டுட்டு வந்தார், ஜெயிச்சார்'னு கதை சொல்றவங்க, எப்ப போட்டார்ங்கறதைச் சொல்றதே இல்லை. அங்கேதான் மொத்த மேட்டரும் இருக்கு.

நம்மள்ல பாதிப் பேரை மேத்ஸ் அரியர்ல இருந்து காப்பாத்தினவர் சல்மான் கான். நடிகர் இல்லீங்க, 'கான் அகாடமி' சல்மான் கான்! எம்.ஐ.டி-யிலயும் ஹார்வர்டுலயும் படிச்சவர். அமெரிக்காவுல ஒரு முதலீட்டு நிறுவனத்துல வேலை. 2004-ல் தன்னோட சொந்தக்காரப் பொண்ணு நாடியாவுக்கு தூரத்துல இருந்தே கணக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சார். 2006-ல் அந்தப் பாடங்களை யூடியூப்ல போட்டார். ஆனா, வேலையை விட்டது 2009-ல்! நடுவுல மூணு வருஷம், ஆபீஸ் முடிஞ்சு வந்து வீட்டுல ஒரு அலமாரி அறைக்குள்ள உட்கார்ந்து ரெக்கார்டு பண்ணியிருக்கார்.

அவ்வளவு தயாரா விட்டதுக்கப்புறமும், வீடு வாங்கறதுக்காகச் சேர்த்து வச்சிருந்த பணம் கரைஞ்சுது. 2010-ல் ஆன் டோர்ங்கற அம்மா பெரிய தொகையை நன்கொடையா கொடுத்தாங்க. அப்புறம்தான் மூச்சு வந்துச்சு. அதே வருஷம் கூகுள் 20 லட்சம் டாலர் கொடுத்துச்சு. இத்தனைக்கும் அவர் மனைவி டாக்டர். நம்ம வீட்டு நிலைமையோட ஒப்பிட்டுப் பாருங்க.

அடுத்தது மார்க்கஸ் பிரவுன்லீ. கேட்ஜெட் பைத்தியங்களுக்கு இவரைத் தெரியாம இருக்காது. 2009-ல் ஸ்கூல் படிக்கறப்பவே வீடியோ போட ஆரம்பிச்சவர். காலேஜ்ல சேரும்போதே நெட் உலகத்துல பேர் வாங்கிட்டார். படிப்பை விட்டாரா? இல்லையே! நியூ ஜெர்சியில ஸ்டீவன்ஸ் இன்ஸ்டிடியூட்ல படிச்சு, 2015-ல் பட்டம் வாங்கிட்டுத்தான் முழு நேரமா இறங்கினார். 'டிகிரியைக் கடாசிட்டுப் போறேன்'னு சொல்ற மச்சிகள் கவனிக்க!

நம்ம நாட்டுல 'டெக்னிக்கல் குருஜி' கௌரவ் சௌத்ரி. ஹிந்தியில கேட்ஜெட் வீடியோ போட்டு கோடிக்கணக்குல சப்ஸ்கிரைபர் வச்சிருக்கிறவர். ஆனா, துபாய்ல பாதுகாப்பு சாதனங்கள் சம்பந்தமான இன்ஜினீயரிங் தொழில் அவருக்கு இருந்துச்சு. ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே!

மூணு பேர், மூணு விதம். ஆனா, 'முதல்ல வேலையை விட்டேன், அப்புறம் வீடியோன்னா என்னன்னு கத்துக்கிட்டேன்'னு ஆரம்பிச்சவர் இதுல யாரும் இல்லை.

பக்கத்து மாவட்டத்துல ஒரு தாத்தா!

'அதெல்லாம் அமெரிக்கா, துபாய். நம்ம ஊருக்கு வா'ன்னு சொல்றீங்களா? வந்துட்டேன்.

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலம். 'வில்லேஜ் குக்கிங் சேனல்' பிறந்த இடம். முன்னால சமையல் வேலை பார்த்த பெரியதம்பி தாத்தாவும் அவரோட பேரன்களும் 2018-ல் ஆரம்பிச்சது. விவசாயக் குடும்பம். 2021 ஜனவரியில ராகுல் காந்தி வந்து அவங்களோட உட்கார்ந்து காளான் பிரியாணி சாப்பிட்டார். அதே வருஷம் ஜூலையில 1 கோடி சப்ஸ்கிரைபர்களைத் தொட்ட முதல் தமிழ் சேனல் ஆனாங்க. முதலமைச்சர் நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தாங்க. 2022-ல் 'விக்ரம்' படத்துலயும் தலை காட்டினாங்க.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, அவங்க ஊரை விட்டு எங்கேயும் போகலை. கத்துக்காத எதையும் செய்யலை. தாத்தாவுக்குக் கை வந்த சமையல், தெரிஞ்ச வயக்காடு. விவசாய வேலை வருஷம் பூரா இருக்காதுங்கறது நம்ம பக்கத்துப் பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த வேலை இல்லாத நாள்ல முளைச்ச சேனல் அது.

எங்க மாவட்டத்துலயே சாயல்குடி தாண்டினா மூக்கையூர்னு ஒரு மீனவ கிராமம். அந்த ஊர்ப் பேரையே வச்சுக்கிட்டு 'உங்கள் மீனவன் மூக்கையூர்'னு ஒரு சேனல் வருது. கடலுக்குப் போறது, வலை இழுக்கறது, வலையில என்ன வந்திருக்குன்னு காட்டறது... வேலையேதான் வீடியோ! அங்கே 'வேலையா, வீடியோவா?'ங்கற கேள்வியே கிடையாது. வீடியோவுக்காக வேலையை விட்டா, வீடியோவுல காட்ட ஒண்ணும் இருக்காதே!

எங்க அண்ணனோட நிஜமான சிக்கலும் இங்கேதான் புரிஞ்சுது. அவனோட சப்ஜெக்ட் இருக்கறது அபிராமத்துல. சம்பளம் இருக்கறது ஸ்ரீபெரும்புதூர்ல. மாசத்துக்கு ரெண்டு நாள்ல எத்தனை கரிமூட்டத்தை எடுத்துட முடியும்? அவன் சோம்பேறித்தனமா வேலையை விடப் பார்க்கலை. அது புரியாம கோபப்பட்டது என் தப்பு.

ஒரே ராத்திரியில மூடின கடை

இப்ப கொஞ்சம் கசப்பு. டிக்டாக் ஞாபகம் இருக்கா? பெருசா இங்கிலீஷ் தெரியாத, கேமரா வாங்க வசதி இல்லாத எத்தனையோ பேரை ஊரறிய வச்ச செயலி. 2019 ஏப்ரல்ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதுக்கு இடைக்காலத் தடை போடச் சொல்லி உத்தரவிட்டுச்சு. மூணு வாரத்துல தடை நீங்கிடுச்சு. எல்லாரும் 'அப்பாடா'ன்னு மறுபடி ஆட ஆரம்பிச்சாங்க. 2020 ஜூன் 29-ம் தேதி மத்திய அரசு 59 செயலிகளைத் தடை பண்ணுச்சு. டிக்டாக்கும் காலி. லட்சக்கணக்குல ஃபாலோயர்ஸ் வச்சிருந்தவங்க காலையில எழுந்து பார்த்தா, கூட்டமும் இல்லை, கூட்டத்தைக் கூப்பிட மைக்கும் இல்லை.

நாம வீடியோ போடற எந்த இடமும் நம்ம இடம் இல்லை ஃப்ரெண்ட்ஸ். வாடகைக் கடை. ஓனர் ரூலை மாத்தலாம், ஷட்டரையும் இழுக்கலாம். அதனால அங்கே இருந்து நீங்க எடுத்துட்டுப் போகக்கூடியது என்னன்னு யோசிங்க. எடிட்டிங், பேசற திறமை, கதை சொல்ற பழக்கம், உங்களை நம்பற நாலு பேர்... இதுக்கு யாரும் தடை போட முடியாது.

அண்ணன் கட்சியையும் கேளுங்க!

"நிரந்தர வேலைன்னு சொல்றியே, எது நிரந்தரம்?"னு அண்ணன் திருப்பிக் கேட்டான். நியாயமான கேள்விதான். 2025 ஜூலையில டி.சி.எஸ். தன்னோட ஊழியர்கள்ல சுமார் 2 சதவீதம், அதாவது 12,000 பேருக்கு மேல குறைக்கப் போறதா அறிவிச்சுது. நம்ம கேம்பஸ்ல கனவு கம்பெனின்னு சொல்ற இடத்துலயே அந்தக் கதை! "கம்பெனி என்னை விடறப்ப அழறதை விட, நான் தெம்பா இருக்கறப்ப விடறது நல்லதுதானே? எனக்கு 24 வயசு. அம்மா பொண்ணு பார்க்க ஆரம்பிச்சுட்டா அப்புறம் எங்கே விட முடியும்?"

பதில் சொல்ல முடியலை. எங்க ராமநாதபுரம் பக்கம் வெளிநாட்டு வேலைக்குப் போறவங்களை 'சபுராளி'ன்னு சொல்லுவாங்க. குடும்பத்தை விட்டு, கடனை வாங்கி, தெரியாத ஊருக்குப் போறது ரிஸ்க் இல்லையா? அதை யாரும் பைத்தியக்காரத்தனம்னு சொல்றதில்லை. பக்கத்து வீட்டுல ஒருத்தர் போய்ச் சம்பாதிச்சு வந்ததைக் கண்ணால பார்த்திருக்கோம். வீடியோவுல சம்பாதிச்ச பக்கத்து வீட்டுக்காரரை எங்க தெரு இன்னும் பார்க்கலை. அவ்வளவுதான் வித்தியாசம்!

அப்பா போட்ட கணக்கு

மூணு நாள் கழிச்சு அப்பா வாயைத் திறந்தார். கையில கடைக் கணக்கு நோட்டு. "எழுதுய்யா. ஒன் சம்பளம் எவ்வளவு, எங்கெங்க போகுது?"

சம்பளம் 24,500 ரூபாய். ரூம் வாடகை, சாப்பாடு 9,000. வீட்டுக்கு 8,000. என் ஃபீஸுக்கு 5,000. மிச்சம் 2,500. ஊருக்கு வந்துட்டா ரூம் செலவு 9,000 மிச்சம். ஆனா வீட்டுக்கு, ஃபீஸுக்கு, பெட்ரோல், நெட் கார்டுன்னு மாசம் 15,000 வேணும். 11 மாசத்துல மொத்தமா சேர்ந்ததைப் போல கிட்டத்தட்ட மூணு மடங்கு, இனி ஒவ்வொரு மாசமும் வரணும். அண்ணன் சேமிப்பு 38,000. ரெண்டரை மாசத்துக்குத்தான் தாங்கும்.

அண்ணன் பேனாவை வச்சுட்டான். அப்பா திட்டலை. அவர் சொன்னது இதுதான்: "ஒன் வீடியோவும் நம்ம வத்தல் காடும் ஒண்ணுதான்யா. ரெண்டும் மானாவாரி. மழை பேஞ்ச வருசத்த வச்சு குடும்பம் நடத்தக் கூடாது. பேயாத வருசத்த வச்சுத்தான் நடத்தணும். வேணாம்னு சொல்லல. ஆறு மாசத்துக்கு உள்ளத எடுத்து வச்சுட்டு எறங்கு. ஆத்தா ஃபீசு அதுல சேராது. அது தனி."

யூடியூப் பத்தி அப்பாவுக்கு எதுவும் தெரியாதுன்னுதான் நாங்க நினைச்சிட்டு இருந்தோம். ஆனா, மாசாமாசம் வராத வருமானத்துல வாழறது எப்படின்னு எங்க வீட்டுல அவருக்கு மட்டும்தான் தெரிஞ்சிருக்கு. மாசச் சம்பளம்ங்கறதே எங்க வீட்டுக்கு அண்ணனோடதான் வந்துச்சு. அதுக்கு முன்னால எல்லாரும் மழையைப் பார்த்துத்தான் வாழ்ந்திருக்காங்க.

முடிவு என்னாச்சு?

அண்ணன் பொங்கலோட வேலையை விடலை. 'விடவே மாட்டேன்'னும் சொல்லலை. நோட்டுல மூணு வரி எழுதி வச்சிருக்கோம். ஒண்ணு, 90,000 ரூபாய் தனியா சேரணும். ரெண்டு, என் கடைசி வருஷ ஃபீஸ் அதுல சேராம பேங்க்ல இருக்கணும். மூணு, தொடர்ந்து மூணு மாசம் சேனல்ல இருந்து 7,500 ரூபாயாவது வரணும், அதாவது தேவையில பாதி. மூணும் நடந்த அன்னிக்கு அவன் ராஜினாமா கடிதம் எழுதலாம். அம்மாவும் நானும் தடுக்கக் கூடாது. இது எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம்!

இன்னொரு மாற்றமும் வந்திருக்கு. லீவுக்கு வர்றப்ப நான் ஊர்ல வீடியோ எடுக்கறேன். ராத்திரி அனுப்பிடுவேன், அண்ணன் ரூம்ல எடிட் பண்றான். நான் எடுத்த முதல் வீடியோவுக்கு 900 வியூஸ். பாதி வீடியோவுல என் விரல்தான் தெரியுதுன்னு கிண்டல் பண்றான். கரிமூட்டத்துப் புகையில அரை மணி நேரம் நின்ன பிறகு, இந்த ஆள் ரெண்டு நாள் லீவுல இதை எப்படி எடுத்தான்னு மரியாதை வந்துடுச்சு.

உங்களுக்காக ஒரு குட்டி டெஸ்ட்!

வேலையையோ படிப்பையோ விடலாமான்னு யோசிக்கற எல்லாரும் ஒரு பேப்பரை எடுங்க. மார்க் கிடையாது. பொய் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

1. இதுவரைக்கும் எத்தனை வீடியோ முடிச்சு வெளியே விட்டிருக்கீங்க? 'ஐடியா நிறைய இருக்கு'ன்னா, பதில் பூஜ்யம்.

2. யாரும் பார்க்காத வீடியோவுக்கு அப்புறமும் அடுத்ததை எடுத்தீங்களா?

3. வேலைதான் உங்களைத் தடுக்குதா? வேலை இல்லாத ஞாயித்துக்கிழமை என்ன பண்றீங்க?

4. உங்க சம்பளத்தை நம்பி இருக்கிறவங்க யார் யார்? அவங்ககிட்ட கேட்டீங்களா, இல்லை அறிவிச்சீங்களா?

5. பி.எஃப்., மெடிக்கல் இன்ஷூரன்ஸ் நின்னு போனா வீட்டுல ஒரு ஆஸ்பத்திரி செலவைத் தாங்குவீங்களா?

6. ஒரு வீடியோ ஹிட் ஆனதை வச்சு முடிவெடுக்கறீங்களா, இல்லை பத்து வீடியோவோட சராசரியை வச்சா?

7. சேனல் நாளைக்கே காணாமப் போனா, இதுல கத்துக்கிட்டதை வச்சு வேற என்ன வேலைக்குப் போக முடியும்?

ஏழுக்கும் நேரா பதில் இருந்தா தைரியமா இறங்குங்க. யார் சொன்னாலும் கேட்காதீங்க, நான் சொன்னாலும்! பதில் இல்லேன்னா கனவை விட்டுடணும்னு அர்த்தம் இல்லை. இன்னும் கொஞ்ச நாள் ரெண்டையும் சேர்த்துச் செய்யணும்னு அர்த்தம். வேலையை விடறதை நாம ஆரம்பம்னு நினைக்கறோம். ஆனா, ஒழுங்கா விட்டவங்களுக்கு அது ஏறக்குறைய கடைசிப் படி.

இதை எழுதற அன்னிக்கு அண்ணன் கணக்குல 88 டாலர். "நூறைத் தாண்டினதும் பணம் வருமே, என்னண்ணே பண்ணப் போற? நல்ல மைக் வாங்கலாமா?"ன்னு போன்ல கேட்டேன்.

"மொதக் காசு ஒன் ஃபீஸ்ல சேரட்டும். ரெண்டாவது காசுல மைக்"ன்னான்.

எங்க வீட்டுக் கணக்கு இதுதான் ஃப்ரெண்ட்ஸ். உங்க வீட்டுல நோட்டை எடுத்துட்டு உட்காரப் போறது எப்போ?